ஒற்றைக்கால் தோரணம்

போரில் அழிந்தவற்றை நினைவில் நிறுத்தும் வழிகள் இரண்டு. வீழ்ந்ததை மீண்டும் எழுப்புதல் ஒன்று. வீழ்ந்த நிலையிலேயே காத்தல் மற்றொன்று. ஜப்பானின் நாகசாகி நகரில், உரகாமிப் பகுதியை ஒட்டியுள்ள சன்னோ கோயில் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகிறது.

சன்னோ, ஷிண்டோ சமயக் கோயில். அச்சமயக் கோயில்களின் எல்லையை உணர்த்துவது 'டோரி' எனப்படும் தோரணவாயில். இரு தூண்களும் அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும் உத்தரங்களுமே அதன் உறுப்புகள். கதவில்லை, சுவரில்லை. எனினும் அதனைக் கடப்பவர் தெய்வத்தின் இடத்துள் புகுகின்றார் என்பது நம்பிக்கை.

1945 ஆகஸ்டு 9 முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியின்மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் தொலைவிலிருந்த இக்கோயிலின் கட்டடங்கள் அழிந்தன. 1924இல் நிறுவப்பெற்ற இரண்டாம் கல்வாயிலில், வெடிப்பின் பக்கமிருந்த தூண் வீழ்ந்தது. மற்றத் தூண், உத்தரத்தின் எஞ்சிய பாதியைத் தாங்கியவாறு நின்றது. இன்றும் நிற்கிறது.

முதல் வாயிலின் கதை வேறு. குண்டின் அதிர்வலையிலும் அது வீழவில்லை. இரு தூண்களோடும் முழுமையாக நின்றது. ஆயின் 1962இல் நேர்ந்த ஒரு சாலை விபத்தில் சரிந்துபோனது. அணுகுண்டு விட்டுவைத்ததை அமைதிக்காலத்து ஊர்தி ஒன்று வீழ்த்தியது! அழிவிலிருந்து தப்புதல் ஒருநாள் நிகழ்ச்சி. தப்பியதைக் காத்தலோ நாள்தோறும் ஆற்றவேண்டிய கடமை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று அரிது.

போருக்குப்பின் கோயில் மீண்டும் கட்டப்பெற்றது. இரண்டாம் வாயிலுக்கு மட்டும் மறுதூண் நாட்டப்பெறவில்லை. வீழ்ந்த பகுதிகள் அருகிலேயே கிடத்தப்பட்டுள்ளன. 2016இல் ஜப்பானிய அரசு இதனைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக்கியது.

அப்பாதி வாயிலைக் கடந்து செல்வோரைக் கோயில் முகப்பில் இரு கற்பூர மரங்கள் எதிர்கொள்கின்றன. 500 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அன்று கிளைகளை இழந்து, அடிமரம் கருகி, பட்டுப்போயின என்றே கருதப்பட்டவை. பின்னர் அவை துளிர்த்தன. 1969இல் நகராட்சி அவற்றை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது.

மரம் தன் காயத்தைத் தானே மூடி வளர்கிறது. கல்லுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆதலின் மரம் வாழ்வுக்கும் கல் நிகழ்ந்ததற்கும் சான்றாகின்றன. மறுதூண் ஒன்றை நாட்டுதல் எளிது. நாட்டியிருப்பின் வாயில் முழுமை பெற்றிருக்கும், சான்று மறைந்திருக்கும். அவ்வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவைத்த மக்களின் துணிவே சன்னோ கோயிலின் உண்மையான வரலாறு எனலாம்.