கால் அளவு விமானம், முழு அளவு விதிகள்: மர கிட்டில் இருந்து பெரிய ஆர்.சி. விமானம் கட்டுவது எப்படி?

பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. லேசரில் வெட்டிய மெல்லிய மரப் பலகைகள், நீளமான சில குச்சிகள், வளைத்த கம்பிகள், பாய் மாதிரி சுருட்டி வைத்த ஒரு வரைபடம். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, ரிமோட் இல்லை. மேலே போர்த்தும் ஃபிலிம்கூடப் பல கிட்களில் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ட்ரோன் வாங்கினால் அன்று மாலையே பறக்கவிடலாம். அப்படியிருக்க, ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை யாராவது இதில் போடுவார்களா? போடுகிறார்கள். அப்படிப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். இந்த விளக்கக் கட்டுரை, அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சொதப்பும், கட்டி முடித்தபின் இந்தியாவில் அதைச் சட்டப்படி பறக்கவிட என்ன வேண்டும் என்பது பற்றியது. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியது அது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம்: பைப்பர் ஜே-3 கப். 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் தயாரான, மஞ்சள் நிற, இரண்டு இருக்கை பயிற்சி விமானம். மேலே இறக்கை, முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் குட்டியாக ஒன்று. 1958-ல் முதன்முதலில் பறந்த நம்ம எச்.ஏ.எல். புஷ்பக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் பழக்கமாக இருக்கும். பெரிய ஆர்.சி. விமானம் கட்டுபவர்கள் அதிகம் கட்டும் மாடல்களில் ஒன்று, இதன் கால் அளவு வடிவம்.

கால் அளவு என்றால் கால்வாசி எடையா?

இல்லை. இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது.

நிஜ கப்பின் இறக்கை நீளம் 10.74 மீட்டர். நான்கால் வகுத்தால் 2.69 மீட்டர். நீளம் கால்வாசி ஆகும்போது இறக்கையின் பரப்பு 16-ல் ஒரு பங்காகிறது. கன அளவு, அதனோடு எடையும், 64-ல் ஒரு பங்கு. நிஜ விமானம் அதிகபட்சம் சுமார் 550 கிலோவுடன் கிளம்பும். 64-ஆல் வகுத்தால் 8.6 கிலோ. கிட்டில் கட்டும் கால் அளவு கப் ஏறக்குறைய இந்த எடையில்தான் வந்து நிற்கும். கணக்கும் தராசும் இவ்வளவு பக்கத்தில் வருவதைப் பார்க்கும்போது, எனக்கு இன்னும் ஒரு சின்ன சந்தோஷம்.

இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. எடை 64-ல் ஒரு பங்கு, பரப்பு 16-ல் ஒரு பங்கு. ஆக, ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் தூக்கும் பாரம் நிஜ விமானத்தில் கால்வாசிதான். அதனால் விழாமல் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் பாதியாகிறது. நிஜ கப்புக்கு அது மணிக்கு 60 கி.மீ. அளவில், மாடலுக்கு 30. சின்ன மாடல்கள் காற்றில் கொசு மாதிரி படபடக்கும். பெரியது அப்படி இல்லை, நிஜ விமானம் போலவே நிதானமாகத் திரும்பும். பெரிய மாடல் மேல் பைத்தியம் பிடிப்பது இதனால்தான்.

ஏன் பால்சா மரம்?

பால்சா மிக வேகமாக வளரும் வெப்பமண்டல மரம். நட்ட ஐந்தாறு வருடத்தில் வெட்டலாம். ஒரு கன மீட்டர் சராசரியாக 160 கிலோ எடை இருக்கும். தேக்கு அதைப்போல நான்கு மடங்கு. உலகச் சந்தையில் விற்கும் பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரில் இருந்து வருகிறது.

2020 வாக்கில் இந்தப் பலகையின் விலை திடீரென எகிறியது. மாடல் விமானக்காரர்கள் காரணம் இல்லை. காற்றாலை இறக்கைகளின் உள்ளே இதே பால்சாதான் நிரப்பப்படுகிறது. சீனாவில் காற்றாலைகள் அவசர அவசரமாக முளைத்த வருடம் அது. அப்புறம் தயாரிப்பாளர்கள் ஃபோம் பக்கம் சாய, நெருக்கடி தணிந்தது.

ஒரே கிட்டுக்குள்ளேயே பலகைகள் ஒரே எடையில் இருக்காது. சமையல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, கனமானதை மூக்குப் பக்கமும் இறக்கையின் நடுப்பகுதிக்கும் ஒதுக்குங்கள். லேசானது எல்லாம் வாலுக்கு. ஏன் என்பது கீழே வரும்.

வேலை எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு கதவில். நிஜமாகவே. மரக்கடையில் கிடைக்கும் ஃபிளஷ் டோர் ஒன்றை இரண்டு மேஜைகள் மேல் கிடத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமன் செய்துகொள்ளுங்கள். அதன் மேல் குண்டூசி இறங்கும் மாதிரி மென்மையான பலகை, அதற்கு மேல் வரைபடம், வரைபடத்தின் மேல் பசை ஒட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாள். விமானம் இந்தக் கதவை விட நேராக இருக்க வாய்ப்பே இல்லை. கதவில் 3 மில்லிமீட்டர் வளைவு இருந்தால் அது இறக்கைக்கும் வரும்.

இறக்கையை இரண்டு பாதிகளாகத்தான் கட்டுகிறோம். ஒவ்வொன்றும் சுமார் 1.3 மீட்டர், லிஃப்ட்டில் ஏறும் அளவு. நீளவாக்கில் ஓடும் உறுதியான குச்சிக்கு ஸ்பார் என்று பெயர். வளைவதைத் தாங்குவது அதுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, நடுவில் சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளை நெடுக்கு இழையாக ஒட்டினால், கட்டிடத்தின் ஐ-பீம் போல ஆகிவிடும். இந்தத் துண்டுகளை அலுத்துப்போய் விட்டுவிட்டால் இறக்கை நடுவானில் மடியும். வெளியில் தெரியாத வேலை, செய்யும்போது கொட்டாவி வரும் வேலை. ஆனால் விமானத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

ஸ்பாருக்குக் குறுக்கே, விலா எலும்பு மாதிரி ரிப்கள். மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். பிறகு முன்விளிம்பை மெல்லிய பால்சா தகட்டால் மூடினால், அது ஒரு குழாய் போலாகி இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்கும்.

முறுக்கல்தான் பெரிய எதிரி. டெல்லியில் ஒரு ஜூலை மாதம், வெளியே விடாத மழை. இடது இறக்கையைப் பசை காயும் முன்பே கதவில் இருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அது அப்பளம் மாதிரி முறுக்கியிருந்தது. பால்சா ஈரத்தை உறிஞ்சும். ஃபெவிகால் வகைப் பசையில் இருப்பதும் தண்ணீர்தான். இரண்டும் சேர்ந்தால் ஒருநாளாவது ஊசி குத்தியபடியே விட வேண்டும். தப்பு என்னுடையது, மழையுடையது இல்லை.

பசை விஷயத்தில் எளிய பழக்கம் இதுதான்: நிதானமாகச் சரிசெய்ய வேண்டிய மூட்டுகளுக்கு ஃபெவிகால் வகை, சட்டென்று பிடிக்க வேண்டிய இடத்துக்கு ஃபெவிக்விக் வகை, மோட்டார், சக்கரம் தாங்கும் பிளைவுட்டுக்கு அரால்டைட் போன்ற எப்பாக்ஸி. ஃபெவிக்விக் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறிப் புகையும் வரும். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், பால்சா தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

எலும்புக்கூடு முடிந்தபின் மேலே போர்த்துவது சூட்டில் ஒட்டிச் சுருங்கும் ஃபிலிம். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் போலவே சின்னதாக ஒன்று கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் சுருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் மறுபடியும் அப்பளம்தான்.

100 கிராம் தப்பு 350 கிராம் ஆவது எப்படி?

விமானத்தைத் தூக்கிப் பிடித்தால் சமநிலையில் நிற்கும் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். கால் அளவு கப்பில் இறக்கையின் அகலம் சுமார் 40 செ.மீ. முன்விளிம்பில் இருந்து 10 முதல் 12 செ.மீ. தூரத்துக்குள் அந்தப் புள்ளி விழ வேண்டும். வரைபடத்தில் குறித்திருப்பார்கள், அதையே நம்புங்கள். மூக்கு கனத்தால் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு முறைதான் பறக்கும் என்று பழைய கைகள் சொல்வதில் மிகை இல்லை.

சிக்கல் என்னவென்றால், கப்புக்கு மூக்கு குட்டை, வால் நீளம். ஈர்ப்பு மையத்தில் இருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைப் போல சுமார் இரண்டரை மடங்கு. வாலில் 100 கிராம் கூடுதலாகப் பசையோ பெயின்ட்டோ ஏறினால், அதைச் சமன் செய்ய மூக்கில் 250 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தம் 350 கிராம், எந்த வேலையும் செய்யாத எடை. லேசான பலகையை வாலுக்கு ஒதுக்கச் சொன்னது இதனால்தான்.

மோட்டாரா, பெட்ரோலா?

இரண்டும் முடியும். 30 சி.சி. சுற்றளவில் உள்ள டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சின் நிறைய நேரம் பறக்கும், சத்தமும் அதிர்வும் கூடவே வரும். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு எலெக்ட்ரிக்தான் நிம்மதி. இந்த மாதிரி நிதானமான விமானத்துக்குக் கிலோவுக்கு 150 வாட் போதும் என்று வைத்தால், 8 கிலோவுக்கு 1,200 வாட். 22.2 வோல்ட், 10,000 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பேட்டரியில் இருப்பது 222 வாட்-மணி. அதில் 80 சதவீதம்தான் எடுக்கலாம். முழு வேகத்தில் 9 நிமிடம், பாதிக்கும் குறைவாக 500 வாட்டில் மிதந்தால் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த பேட்டரியை ஆள் இல்லாத வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பற்றினால் அணைப்பது கஷ்டம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், பெயரில் ட்ரோன் என்று இருந்தாலும், ஆளில்லாமல் பறக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மர விமானமும் அதில் சேர்த்திதான். பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணில் தெரியும் தூரத்துக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்டதை 'மாடல்' என்று விதி வகைப்படுத்துகிறது. இதற்கு ஒரு சலுகை உண்டு: டைப் சர்டிஃபிகேட் வாங்க வேண்டியதில்லை.

பலர் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சலுகை அந்தச் சான்றிதழுக்கு மட்டும்தான். உங்கள் 8 கிலோ கப், 2 முதல் 25 கிலோ வரையான 'ஸ்மால்' பிரிவில் வருகிறது. எனவே தனி அடையாள எண்ணுக்குப் பதிவு, மூன்றாம் நபர் காப்பீடு இரண்டும் உண்டு. ரிமோட் பைலட் சான்றிதழில் இருந்து விலக்கு 250 கிராம் வரையிலான நானோவுக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கும் 2 கிலோ வரையிலான மைக்ரோவுக்கும்தான். சான்றிதழுக்கு வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகரித்த மையத்தில் பயிற்சி. விதிகள் ஏரோப்ளேன், ரோட்டார்கிராஃப்ட் என்று பிரிக்கின்றன. பணம் கட்டும் முன் அந்த மையம் எந்த வகைக்குப் பயிற்சி தருகிறது என்று கேட்டுவிடுங்கள். மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை.

எங்கே பறக்கலாம்? பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையில் இருந்து 8 முதல் 12 கி.மீ. வரை என்றால் 200 அடி. அதற்குள் வந்தால் அனுமதி வேண்டும், சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி. டெல்லியில் இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும்.

இது வெறும் அதிகாரத்தனம் என்று எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம் கணக்குப் போட்டேன். 8 கிலோ, மணிக்கு 60 கி.மீ. என்றால் 1,100 ஜூல். 14 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது நாலாவது மாடியில் இருந்து, 8 கிலோ எடையைக் கீழே போடுவதற்குச் சமம். கூடவே சுழலும் ப்ரொப்பெல்லர் வேறு. ஆனாலும், வீட்டில் மரம் ஒட்டுபவருக்கும் வானில் இருந்து வீடியோ எடுத்துச் சம்பாதிப்பவருக்கும் ஒரே தட்டில் விதி வைப்பது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து கிட் வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன், பாதி பிரித்தது, முழுக்கப் பிரித்தது என மூன்று வடிவத்திலும் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. மோட்டாரும் ரேடியோவும் இல்லாத மரத் துண்டுகள் எதில் சேரும்? என் பெட்டி ஒரு சுங்க அலுவலகத்தில் வாரக்கணக்கில் கிடந்தது; பெட்டி மேல் இருந்த அழகான விமானப் படம்தான் வில்லன். அடுத்த முறை நான் வரைபடத்தை மட்டும் வாங்கி, இங்கே கிடைக்கும் பால்சா பலகையை உள்ளூர் லேசர் கடையில் வெட்டிக்கொள்ளப் போகிறேன்.

முதல் தடவை கட்டலாமா?

கட்டலாம், முதல் தடவை பறக்கவிட வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருக்கும் கப், தரையில் ஓடும்போது வாலைத் திருப்பிக்கொள்ளும். காற்றில் எய்லரானை மட்டும் அசைத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகும், ரட்டரும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டர் சிமுலேட்டர், பிறகு மலிவான ஃபோம் விமானம், 2 கிலோவுக்குள். கட்டும் வேலைக்கு 200 மணி நேரம் என்று வைத்து வாரம் 4 மணி நேரம் ஒதுக்கினால் 50 வாரம். கற்றுக்கொள்ளத் தாராளமாக நேரம் இருக்கிறது.

பறக்கும் நாளன்று, ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்து நடந்து போய், தூரத்தில் இருந்தும் ரட்டர், எலிவேட்டர் கேட்கிறதா என்று பாருங்கள். ரேடியோவை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள், விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து பிடித்திருக்கும்போது. அதன் பிறகு ரிமோட்டை, பெரிய விமானம் பல வருடம் பறக்கவிட்ட ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள்.