வாதம் அடித்த பிறகு...

எங்கள் வில்லியனூர் பக்கமும் சரி, பாகூர் பக்கமும் சரி, ஒருவருக்கு "வாதம் அடிச்சிடுச்சு" என்றால் வண்டி பெரும்பாலும் நேராகக் கோரிமேடு ஜிப்மருக்குத்தான் போகும். பிழைத்துவிட்டால் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு கட்டிலில் கிடக்கிற அந்த மனிதரை மறுபடி தானாகச் சோறு பிசைந்து சாப்பிட வைப்பது யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பி.காம். படிக்கிறவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது :-)

பிசியோதெரபி எல்லோருக்கும் தெரியும். ஆக்குபேஷனல் தெரபி என்றால், "வேலை வாங்கித் தருவாங்களாடா?" என்று கேட்டான் என் வகுப்பு நண்பன் ஒருவன். அப்படியில்லை. பிசியோதெரபி கையை அசைய வைக்கப் பார்க்கிறது. இது அந்தக் கையோடு, அது அசையாவிட்டால் மற்றக் கையோடு, சட்டை போடவும் குளிக்கவும் தண்ணீர் மொள்ளவும் கடைக்குப் போய்வரவும் பழக்குகிறது.

1917 மார்ச்சில், அமெரிக்காவில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். இடது பக்கம் செயலிழந்துபோய், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தேறியவர்! இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கே வந்தவர். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். நம் பக்கத்தில், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்துக்கே வழி போட்டார். அவரைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

இதெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனைச் சுவருக்குள் நடந்த கதை. வீட்டில் இருப்பவருக்கு இந்த சிகிச்சை பலன் தருமா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது ரொம்பப் பிந்தித்தான். 1999-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மரியன் வாக்கரும் மற்றவர்களும், பக்கவாதம் வந்தும் மருத்துவமனையில் சேர்க்கப்படாத 185 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு தெரபிஸ்ட் வீடு தேடி வந்தார். ஆறு மாதத்தில் அவர்கள் அன்றாட வேலைகளில் மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு: அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களின் சுமையும் குறைந்திருந்தது.

அதே ஊரில் 2004-ல் பிப் லோகன் குழு 168 பேரிடம் இன்னொன்று செய்தது. ஒரு தரப்புக்குத் துண்டுப்பிரசுரம் மட்டும். இன்னொரு தரப்புக்கு அதோடு தெரபிஸ்டின் ஏழு வருகைகள் வரை. பஸ் ஏறுவது போல வெளியே போய்வரத் துணை. அந்தத் தரப்பில்தான் நினைத்தபோதெல்லாம் வெளியே போக முடிந்தவர்கள் அதிகம். ஆனால் 568 பேரோடு பெரிதாக நடத்திய அடுத்த சோதனையில் (2014) அந்தப் பலன் தெரியவில்லை. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், ஒரு படி ஏறினால் ஒரு படி சறுக்கும்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே வீட்டுக்கு வீடு போக தெரபிஸ்ட் எங்கே? அப்படியானால் குடும்பத்தில் ஒருவருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன? நியாயமாகத்தான் தோன்றியது. "அட்டெண்ட்" என்ற பெயரில் 2014 முதல் 2016 வரை நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பாதியினரின் வீட்டாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது. 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோ, பிறரைச் சார்ந்தோ போனவர்கள் பயிற்சி பெற்ற தரப்பில் 47 சதவீதம். பெறாத தரப்பில்? அதுவும் 47 சதவீதம்.

குடும்பம் பார்த்துக்கொள்வதால் பயனில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு தரப்பிலும் குடும்பம் இருந்தது. கூடுதலாகக் கொடுத்த பயிற்சிதான் எண்ணிக்கையை மாற்றவில்லை. இன்னொன்று, சாகாமலும் பிறரைச் சாராமலும் இருக்கிறாரா என்பது பெரிய சல்லடை. கரண்டியிலிருந்து கைக்கு மாறிச் சாப்பிடுவது போன்ற சின்ன முன்னேற்றமெல்லாம் அதில் தங்காது.

இப்போது கணக்கு. இந்தத் திட்டத்தின் கவர்ச்சியே மலிவு என்பதுதான். ஏன் மலிவு? வீட்டுக்காரரின் உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை. பாகூரில் நடவுக்குப் போகிற மருமகள் மாமனாரைப் பழக்குவதற்காக வீட்டில் இருந்துவிட்டால், அன்றைய கூலி போய்விட்டது. எங்கள் பாடத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். மருத்துவமனைக் கணக்கில் அப்படி ஒரு பத்தியே கிடையாது. நாட்டிங்காமில் ஆள் வந்து சுமையை இறக்கினார். இங்கே சுமக்கிறவர் தலையிலேயே இன்னொரு மூட்டை. என் பார்வையில் இரண்டையும் ஒரே சிகிச்சை என்று சொல்வதே தப்பு.

இடையில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. சுரேஷ்குமார் கமலக்கண்ணனும் உடன் ஆய்வாளர்களும் "கேர் ஃபார் ஸ்ட்ரோக்" என்று ஸ்மார்ட்போனில் பார்க்கிற வீடியோக்களைத் தயாரித்து, 60 நோயாளிகளிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த அறிக்கைப்படி, பெரும்பாலோர் மிகவும் பயனுள்ளது என்றார்கள். ஆனால் அது ஏற்கத்தக்கதா என்று பார்த்த ஆய்வு, ஒப்பிட இன்னொரு தரப்பு இல்லை. தெரபிஸ்ட் கிடைக்காத ஊருக்கு வீடியோ நிச்சயம் போய்ச் சேரும். அதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கப்போவது மட்டும் வீட்டில் இருக்கிற அதே ஆள்தான்.