பாலைவனமும் தூந்திரமும்

பாலைவனம், தூந்திரம் ஆகியவை புவியின் முதன்மையான பல்லுயிர்த் தொகுதிகளுள் இரண்டாகும். ஒத்த தட்பவெப்பநிலையும் அதற்கேற்ற தாவரங்களும் விலங்குகளும் கொண்ட பெரும் நிலப்பரப்பு பல்லுயிர்த் தொகுதி எனப்படும். பாலைவனம் வெப்பத்திற்கும் தூந்திரம் குளிருக்கும் பெயர் பெற்றவை எனினும், இரண்டிலும் மழைப்பொழிவு குறைவு. பெய்யும் நீரின் அளவை விட, அந்நீர் நிலத்தில் தங்குகிறதா என்பதே இவற்றின் முக்கிய வேறுபாடு ஆகும்.

மழைப்பொழிவு

ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலங்கள் பொதுவாகப் பாலைவனம் எனப்படுகின்றன. ஆர்க்டிக் தூந்திரத்தின் பல பகுதிகளும் இவ்வளவே பெறுகின்றன. அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் நகரில் (2016 வரை இதன் பெயர் பாரோ) மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 150 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. இது அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் உள்ள பீனிக்ஸ் நகரின் சராசரி மழையளவை விடக் குறைவு. ஆயினும் உட்கியாக்விக்கைச் சுற்றிலும் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்துள்ளன.

நீர் தங்கும் விதம்

சொனோரன் போன்ற வெப்பப் பாலைவனங்களில் பெய்யும் மழையின் பெரும்பகுதி விரைவில் ஆவியாகிவிடுகிறது. தூந்திரத்தில் குளிரின் காரணமாக ஆவியாதல் குறைவு. மேலும், அங்கு நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கிறது. இது நிலைத்த உறைமண் எனப்படும். கோடையில் இதன் மேலுள்ள மெல்லிய மண்ணடுக்கு மட்டும் உருகுகிறது. உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேற்பரப்பில் தேங்குகிறது.

உயிரினங்கள்

பாலைவனத் தாவரங்கள் நீரைத் தேடிச் செல்கின்றன. சீமைக் கருவேலத்தின் உறவினமான மெஸ்கிட் மரத்தின் வேர்கள் அரிசோனாவில் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கண்டறியப்பட்டுள்ளன. தூந்திரத்தில் உறைமண் வேர்களைத் தடுப்பதால் மரங்கள் வளர்வது அரிது. பாசிகள், லைக்கன்கள், தரையோடு படரும் குறுஞ்செடிகள் ஆகியவையே மிகுதி. சொனோரன் பாலைவனத்தின் கங்காரு எலி நீர் அருந்தாமலே வாழக்கூடியது. தூந்திரத்தின் பனிக்கலைமான் குளிர்காலத்தில் பனியைத் தோண்டி லைக்கன்களை உண்கிறது.

அண்மைக்கால மாற்றங்கள்

1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் பல மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது. உறைமண் முற்றிலும் உருகும் இடங்களில் ஏரிநீர் நிலத்தினுள் வடிந்துவிடுகிறது. மேற்குச் சைபீரியாவின் உறைமண் பகுதியில், 40 எக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 1973 இல் 10,882 இருந்தன. 1998 இல் அவை 9,712 ஆகக் குறைந்தன. உறைமண்ணில் வளிமண்டலத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கரிமம் அடங்கியுள்ளது. மண் உருகும்போது அதன் ஒரு பகுதி கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியேறிப் புவி வெப்பமாதலை மேலும் கூட்டுகிறது.