மோசேயின் ஐந்து நூல்கள்: எழுதியவை எத்தனை கைகள்?

இன்னைக்கு ஒரு தமிழ் பைபிளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா நல்லா இருக்கும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் உலகைப் படைப்பவர் ‘தேவன்’. இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்திலிருந்து அவர் ‘தேவனாகிய கர்த்தர்’. பெயர் மட்டுமில்ல, வரிசையும் மாறுது. முதல் கதையில் செடி, விலங்கு எல்லாம் வந்த பிறகு மனிதர்கள். இரண்டாவது கதையில் முதலில் ஆண், பிறகு தோட்டம், விலங்குகள், கடைசியில் பெண். எபிரேயத்தில் ஏலோஹிம், யாவே என்று இருக்கும் வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பும் காப்பாத்தி வச்சிருக்கு.

இந்த நூலைக் கையிலெடுத்தவர் ழான் அஸ்ட்ரூக். பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயியின் மருத்துவர். மோசே தனக்குக் கிடைத்த பழைய ஆவணங்களை வைத்துத்தான் ஆதியாகமத்தை எழுதினார் என்று 1753இல் ஒரு புத்தகம் போட்டார், தன் பெயரைப் போடாமல். இதுல வேடிக்கை என்னன்னா, அவர் மோசேயைக் காப்பாற்றத்தான் முயன்றார். ஏற்கெனவே 1670இல் ஸ்பினோசா, மோசேயின் மரணத்தை மோசேயே எப்படி எழுதியிருப்பார் என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பியிருந்தார்.

நோவாவின் வெள்ளத்தைப் பாருங்க. 6ஆம் அதிகாரத்தில் தேவன் எல்லா உயிரிலும் ஒரு ஜோடி கேட்கிறார். 7ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சுத்தமான விலங்குகளில் ஏழேழு கேட்கிறார். மழை 40 நாள். வெள்ளம் 150 நாள். நான் சாப்ட்வேர் எழுதுறவன். ரெண்டு பேர் எழுதின கோடைச் சேர்க்கும்போது மோதுற இடத்துல ஒன்னை வச்சுட்டு இன்னொன்னைத் தூக்கிடுவோம். இதைத் தொகுத்தவர் ரெண்டையுமே வச்சிருக்கார். அவருக்கு ரெண்டுமே தூக்கி எறிய முடியாத அளவுக்குப் புனிதமா இருந்திருக்கணும்.

சரி, காலம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1805இல் டி வெட்டே ஒரு வழி காட்டினார். ஒரே இடத்தில்தான் பலியிட வேண்டும் என்கிறது உபாகமம். அதையேதான் யோசியா மன்னர் செய்கிறார், கி.மு. 622 வாக்கில், ஆலயத்தில் ஒரு நியாயப்பிரமாண நூல் கிடைத்த பிறகு. அந்த நூல் உபாகமத்தின் ஆரம்ப வடிவம் என்றால், ஒரு தேதி கையில் கிடைச்சிடுச்சு. அதை ஆணியா வச்சு மற்றவற்றை முன்னே பின்னே அடுக்கியவர் யூலியஸ் வெல்ஹவுசன் (1878). ஜே, ஈ, டி, பி என்று நான்கு மூலங்கள். ஆசாரியர்களின் சட்டங்கள் அடங்கிய ‘பி’தான் கடைசி, பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தையது என்றார்.

இதுக்கெல்லாம் விலை இருந்தது. ஸ்காட்லாந்தில் ராபர்ட்சன் ஸ்மித், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரைக்காகச் சபை விசாரணையைச் சந்தித்தார். இந்த ஆய்வு விசுவாசத்துக்கு எதிரானது இல்லைன்னு வாதாடினார். 1881இல் பேராசிரியர் பதவி போச்சு. அடுத்த வருஷம் வெல்ஹவுசனே தன் இறையியல் பதவியை விட்டு விலகினார். தன் பாடம் மாணவர்களைச் சபை ஊழியத்துக்குத் தயார் செய்யவில்லை என்று அவர் மனசுக்குத் தெரிஞ்சது.

அவர் அடுக்கியது அப்படியே நிக்குதா? இல்ல. 1977இல் ரென்டார்ஃப், தொடர்ச்சியான மூலங்கள் என்ற அடிப்படையையே கேள்வி கேட்டார். தனித்தனிக் கதைத் தொகுதிகள் வளர்ந்து இணைந்தவை என்றார். ஜே, ஈ என்று தனியா ஒரு ஏடு இதுவரை கிடைச்சதில்ல என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாமே இருக்கிற நூலுக்குள்ளிருந்து ஊகித்தவை.

மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது வேறொன்று. 1979இல் எருசலேமில் கேதெஃப் ஹின்னோம் கல்லறைகளில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள். அவற்றில் எண்ணாகமம் 6இல் வரும் ஆசாரிய ஆசீர்வாதத்தை ஒத்த வரிகள். பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது, கி.மு. 600ஐ ஒட்டிய காலம். அதனால ‘பி’ முழுசும் பழையதுன்னு ஆயிடாது. ஆனா பிற்காலத்தில் தொகுத்த நூலுக்குள்ளும் பழைய வரிகள் இருக்கலாம்னு தெரியுது. எப்போ தொகுத்தாங்க, எப்போ முதலில் சொன்னாங்க என்பவை ரெண்டு தனிக் கேள்விகள்.

ஆதியாகமம் 6 முதல் 9 வரை, தேவன், கர்த்தர் என்று வரும் இடங்களை ரெண்டு நிறத்தில் அடிக்கோடு போட்டுப் பாருங்க. என்ன தெரிஞ்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.