தாத்தா கொடுத்த விதை: மரபுத் தக்காளியின் வரலாறு

"தக்காளிக்கெல்லாம் என்ன சார் வரலாறு இருக்கு?" என்று படிவம் நான்கு மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். வரலாறு என்றாலே மன்னர்களும் போர்களும் என்று பழகிவிட்டோம். தினமும் நறுக்கும் பழத்தை வைத்தும் வரலாற்றுக் கட்டுரை எழுதலாம்.

தக்காளியின் காட்டு உறவுகள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் பகுதியைச் சேர்ந்தவை. அதைப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோ மக்கள். அவர்களின் நாவாட்டல் மொழிச் சொல்லான 'தொமாட்டல்' என்பதே பின்னர் 'டொமேட்டோ' ஆனது. ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதைப் பற்றி எழுதினார். நச்சுச் செடியோ என்று பயந்து பலர் நெடுங்காலம் உண்ணத் தயங்கினர்.

20ஆம் நூற்றாண்டில் தேவை மாறியது. பழம் லாரியில் தொலைதூரம் போக வேண்டும், நசுங்கக் கூடாது, ஒரே சீராகச் சிவக்க வேண்டும். அதனால், காயின் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை படராத செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். அழகு கிடைத்தது, சுவை குறைந்தது. ஏன்? அந்தக் காய்களில் பச்சையம் குறைவு. எனவே சர்க்கரையும் குறைவு என்று 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

கலப்பின விதைகளும் பரவின. அவற்றின் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் தாய்ச்செடி போலவே வராது. மரபு ரகம் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாக அதே குணத்தோடு வரும். ஆனால் வளர்த்தவர் போய்விட்டால் ரகமும் போய்விடும்.

அமெரிக்காவில் டயான் ஆட் வீலியின் தாத்தா, தம் குடும்பத்தின் 'ஜெர்மன் பிங்க்' தக்காளி விதையைப் பேத்தியிடம் கொடுத்தார். 1883இல் பவேரியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த விதை அது. சிறிது காலத்தில் தாத்தா காலமானார். அன்று வாங்கியிருக்காவிட்டால்? அந்த எண்ணமே 1975இல் டயானும் கணவர் கென்ட்டும் விதைச் சேமிப்போர் அமைப்பைத் தொடங்கக் காரணமானது. 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற அந்த அமைப்பு இன்று ஆயிரக்கணக்கான ரகங்களைக் காக்கிறது.

நானும் பூச்சட்டியில் முயன்றேன். பெரிய பழ ரகம் நன்றாகப் பூத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. நம் இரவுச் சூடு அதற்கு ஆகாது. கேமரன் மலையில் தக்காளி நன்றாக வருவதற்கு அங்குள்ள குளிர்ச்சி ஒரு காரணம். அடுத்த முறை சிறுபழ ரகம் வைத்தேன். ஏழே ஏழு பழம். உப்புகூடத் தொடாமல் தின்றோம். முதலில் புளிப்பு, பிறகு நாக்கில் நின்ற இனிப்பு. "இதை ரசத்துல போட்டா வீணாப் போயிடும்டா" என்றார் அம்மா. ஒரு பழத்தின் விதையைச் சாற்றோடு மூன்று நாள் ஊறவைத்து, அலசி, காயவைத்து, உறையில் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையோ முருங்கையோ யாரிடமிருந்து வந்தது? பாட்டியிடம் கேட்டு, பெயர், இடம், ஆண்டு, காரணம் என்ற நான்கையும் குறித்துக்கொண்டு ஒரு பத்தி எழுதுங்கள். எஸ்.பி.எம். முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.