முதல் நாள் சீட்டு

எங்க சின்னம்மாவுக்கு டீபி என்று தெரிந்த அன்றைக்கு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீடு எங்கம்மா?" என்பதுதான். சேரிப் பேரைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார். "சின்ன வயசுலயே அங்க வந்திருக்கும்" என்றார். அதே ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில்தான் சின்னம்மா பதினோரு வருஷமாகக் கூட்டிப் பெருக்கி, நோயாளிகள் துப்பிய குவளைகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் கூலி. வார்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்ற சண்டை புதுசு இல்லை. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1890-ல் டியூபர்குலின் என்ற மருந்தை, நோயைத் தீர்க்கும் என்று சொல்லி வெளியிட்டார். தீர்க்கவில்லை. ஆனால் கிருமி ஏற்கெனவே புகுந்த உடம்பில் அது பட்டால் தோல் தடிக்கும் என்ற ஒரு உண்மை மிஞ்சியது. 1907-ல் பிர்க்கே தோலைக் கீறிச் சோதித்தார். 1908-ல் மாந்தூ தோலுக்குள் ஊசி போட்டார். ரெண்டு மூணு நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். தடித்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிருமி உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒஸ்லோ நகரத்து உல்லேவால் ஆஸ்பத்திரியில் ஹெய்ம்பெக் என்ற டாக்டர் 1924 முதல் ஒரு காரியம் செய்தார். நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்களைச் சேர்ந்தவுடனே சோதித்து, எழுதி வைத்தார். ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தடிக்கவில்லை. படிப்பு முடிவதற்குள் அவர்களிலும் அநேகமாக எல்லாருக்கும் தடித்தது. காசநோயில் விழுந்தவர்களும் பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான். முதல் நாள் எழுதிய சீட்டு இல்லாமல் போயிருந்தால், வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள் என்று சொல்லிக் கதையை முடித்திருப்பார்கள். (அந்தச் சீட்டிலும் நர்சுகள் பேர்தான். வார்டைத் துடைத்தவள் பேரை நான் எங்கேயும் பார்க்கவில்லை.)

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பால்டிமோர் ஆஸ்பத்திரி ஒன்றில், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் மாடியில் கூண்டில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். அதுகளுக்கும் தொற்றியது. நோய் காற்றில் பரவுகிறது என்பது அங்கே உறுதியானது. அந்தக் கினிப்பன்றிகளுக்கு மாசாமாசம் டியூபர்குலின் சோதனை நடந்தது. எங்க சின்னம்மாவுக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவை நடக்கவில்லை.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நம்ம நாட்டுல எல்லார் உடம்புலயும்தான் இருக்கு, பாத்து என்ன ஆகப்போவுது?" இது பொய். வார்தா பக்கம் சேவாகிராம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற 726 பேரைத் தோலிலும் ரத்தத்திலும் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு சோதனையில் கிருமி தெரிந்தவர்கள் பாதிப்பேர். அப்படியானால் மீதிப் பாதி? அன்றைய ஒஸ்லோவில் தடிக்காமல் நின்ற அதே பாதிதானே அது? நோய் குறைந்துபோன அமெரிக்காவில்கூட 2019-ல், வருஷா வருஷம் எல்லாரையும் சோதிக்க வேண்டாம் என்று சொன்னவர்கள், வேலைக்குச் சேரும்போது பார்ப்பதை விடவில்லை.

இங்கே ஊசியில்லை, ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 1968-ல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆராய்ச்சிக்காகக் கிராமத்து ஜனங்கள் ரெண்டரை லட்சம் பேருக்கு மேலே கையை நீட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நம்ம கை வேணும். கூலிக்குச் சேரும்போது அந்தக் கையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஏன் என்று யோசித்தால் சட்டத்தில்தான் போய் முட்டுகிறது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூணாவது அட்டவணையில், ஆஸ்பத்திரி வேலையில் தொற்றும் நோய்களையும் பிற்பாடு சேர்த்திருந்தார்கள். வேலையால் வந்ததல்ல என்று மறுக்க வேண்டியது முதலாளி பொறுப்பு. மறுக்க ஒரு சேரி முகவரி போதுமென்று அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் சீட்டு எல்லாத்தையும் நிரூபித்துவிடாதுதான். ஆனால் 'சின்ன வயசுலயே வந்தது' என்கிற வாயை அடைக்கும். சீட்டில் தேதி இருக்குமே.

சின்னம்மா ஆறு மாசம் மாத்திரை தின்று தேறிடுச்சு. இழப்பீடு ஒன்றும் வரவில்லை. அந்த மாசங்களுக்குக் கூலியும் கிடையாது. திரும்பப் போனப்ப அதே வார்டுதான் கொடுத்தாங்க. அங்கே புதுசா ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு, நம்ம தெருக்காரிதான்.

"ஊசி போட்டுப் பாத்தாங்களாடி?" என்று கேட்டிருக்கு.

"இல்ல அத்த. எந்த ஊசி?"