மாத்தளைத் தோட்டங்களும் கொழுக்கிப்புழுவும்

ஒரு கூட்டத்தாரை வருத்தும் பிணிக்குக் காரணம் அவர்தம் உடம்பிலுள்ளதா, அன்றி அவர் வாழ நேர்ந்த வாழ்க்கையிலுள்ளதா என்னும் வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. வரலாற்று மாணவர்க்கும் உரியதே. இலங்கையில் அதனை ஆராயப் புகுவோர்க்கு மாத்தளைத் தோட்டங்கள் தக்க களமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தமிழர் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த வடபாதை மாத்தளையில் வந்து முடிந்தது. மன்னார்ப் பகுதியிற் கரையிறங்கியோர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக நூறு மைலுக்கு மேற்பட்ட வறண்ட காட்டைக் கால்நடையாகவே கடந்தனர். குடிக்க நல்ல நீரில்லை, உண்ண உணவில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. 1841 தொடக்கம் எட்டாண்டுகளில் 70,000 பேர் மாண்டிருக்கலாமென 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது. இத்தொகை மிகையென்பர் பிற்கால ஆய்வாளர் சிலர். பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் அது சிறு தொகையன்று. பாதை முடிந்த நகரிலே அம்மைநோய்க்குரிய தெய்வமாகிய மாரியம்மனுக்குப் பெருங்கோயில் எழுந்தமை வியப்பாகுமா?

வந்து சேர்ந்தோரைத் தோட்டத்திற் காத்திருந்த பகை கொழுக்கிப்புழு. இதனை 1838இல் மிலான் நகரிற் பிணமொன்றை அறுத்தாராய்ந்த துபினி என்பவர் கண்டறிந்தார். அது தோலைத் துளைத்து உடம்பினுட் புகும் வகையை 1898 அளவில் லூஸ் என்பவர் விளக்கினார். நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரிக்கும். சில நாளில் அக்குடம்பி வெறுங்காலைத் துளைத்து, இரத்த வழியே சுவாசப்பையை அடைந்து, தொண்டைக்கேறி, விழுங்கப்பட்டுக் குடலிற் சென்று பற்றிக்கொள்ளும். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றரே. ஆயினும் ஐந்நூறு புழுக்களைச் சுமப்பவர் திங்களொன்றில் 450 மில்லிலீற்றர் வரை இழப்பர். சோறே பெருமளவில் உணவாகக் கொண்டவர் அவ்விழப்பை ஈடுசெய்தல் எங்ஙனம்? முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கை சோரும். கருவுற்ற பெண்ணுக்கோ அது உயிருக்கே இடர். இச்சோர்வைத்தான் துரைமார் பலர் சோம்பல் என்றனர். நோய்க்குறியைக் குணக்குறையாக எண்ணிப் பழித்த கொடுமை புழுவின் கொடுமையினும் பெரிது.

தொழிலாளர் இந்நோயைத் தம் ஊரிலிருந்தே கொணர்ந்தனர் என்பதும், வெளியிடத்திலே மலங்கழிக்கும் வழக்கமே அதனைப் பரப்பிற்று என்பதும் அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டன. முன்னது ஓரளவு உண்மையே. ஆனால் வறண்ட நிலத்தில் வெயிலிற் காய்ந்தழியும் குடம்பி, மாத்தளையின் கொக்கோ, இறப்பர் நிழலிலும் மழை நனைத்த மண்ணிலும் செழித்து வளர்ந்தது. லயத்து அறைகளில் நெருங்கி வாழ்ந்தோர்க்கு மலகூடம் கட்டித் தரப்படவில்லை; ஆகவே லயத்தைச் சூழ்ந்த மண்ணும், நாள்தோறும் வெறுங்காலோடு வேலைசெய்த நிலமும் ஒருங்கே நஞ்சாயின. வழக்கத்தைப் பழித்தோர் வேறு வழக்கத்துக்கு இடம் அமைத்துத் தந்தாரல்லர்.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் நோயுற்ற தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்க முற்பட்டது. எனினும் கொழுக்கிப்புழுவை எதிர்த்த முறையான இயக்கம் 1916இலேயே தொடங்கிற்று. அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு அதற்கெனத் தேர்ந்தெடுத்த முதற்களம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களே. பரிசோதிக்கப்பட்டோரிற் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் புழுவைச் சுமந்திருந்தனர். கினோப்போடிய எண்ணெயும் தைமோலும் கொடுத்துப் பேதியுப்பாற் குடலைக் கழுவினர். தைமோல் என்பது வேறொன்றுமன்று. நம் வீடுகளில் வயிற்றுவலிக்கு வழங்கும் ஓமத்திலிருந்து எடுக்கப்படும் சத்தே. மருந்து வேலை செய்தது, புழு வீழ்ந்தது, நலிந்தோர் தேறினர். ஆயினும் மண் மாறவில்லை. மலகூடம் இல்லாத இடங்களிற் குணமடைந்தவர் மீண்டும் அதே நிலத்தில் வெறுங்காலை வைத்து மீண்டும் புழுவை ஏற்றனர். மருந்துச் செலவை வேலைத்திறனுக்கான முதலீடாகக் கண்ட துரைமார், மலகூடச் செலவுக்கு அத்துணை எளிதில் இசையவில்லை. இந்நிறுவனத்தார் மலகூடத்தை விடாது வற்புறுத்தியது அவர்க்குப் பெருமை. கூலி, உணவு, குடியிருப்பு என்பவற்றை ஏறக்குறையத் தொடாது விட்டது அவ்வியக்கத்தின் குறை.

அக்குறை பின்னொரு காலத்தில் வெளிப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப்பொருட் தட்டுப்பாடு நாடெங்கும் நேர்ந்தபோது, தோட்டப்புறத்து இறப்புவீதம் கிராமப்புறத்தினும் மிகக் கடுமையாக உயர்ந்தது. இவ்வேறுபாட்டிற்குப் புழுவைக் காரணங் காட்டல் இயலாது. கிராமத்தார் பலருக்கு ஒரு பலாமரமோ ஈரப்பலாவோ கிழங்குப் பாத்தியோ இருந்தது. லயத்தில் வாழ்ந்தோர்க்குத் தமக்கெனச் சொந்தமாக ஒரு பாத்தி நிலமும் இருக்கவில்லை.